ஏழு முழக் கரை

அஞ்சலாட்சி தன் புருஷனோட தலகாணி உறையைக் கடலுக்கு மேல உதறின வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் எங்க ஊருக்குக் கரை திரும்பி வந்துச்சு, அதுவும் எவ்வளவுன்னு கேட்டீங்கன்னா ஒரு முறம் அளவு. நான் அவளுக்கு நாத்தனார், அவ புருஷன் தேசிங்கு எனக்குத் தம்பி, எங்களுக்கு ஒரே வீடுதான். அதனால அவளைப் பத்தி நான் நல்லதா நாலு வார்த்தை சொன்னா நீங்க தைரியமா நம்பலாம், எந்த ஊர்லயும் நாத்தனார் வாயிலருந்து நல்லது சும்மா வந்துடாது.

கரை போன கதையைச் சொன்னாத்தான் வந்த கதை வெளங்கும். எங்க குப்பத்துக்கு முன்னால ஒரு காலத்துல நூத்தம்பது அடிக்கு மணல் கெடந்துச்சு, நாப்பத்திமூணு படகும் அதுல வரிசையா மூக்கைத் தூக்கிக்கிட்டு நிக்கும், வலை காயறதும் கருவாடு காயறதும் கல்யாணம் பேசறதும் சண்டை போடறதும் பொணத்தைக் கெடத்தி அழறதும் எல்லாம் அந்த மணல்லதான். அப்புறம் தெக்கால பத்து மைல்ல துறைமுகம் கட்டறோம்னு கடலுக்குள்ள நீட்டமா கல்லைக் கொட்டினாங்க. மணலுங்கறது படுத்துக் கெடக்கற பொருள்னு படிச்சவங்க நெனைச்சுட்டாங்க போலருக்கு. அது நடக்கற பொருள், தெக்கருந்து வடக்க நீரோட்டத்தோட வருஷம் முழுக்க நடந்துக்கிட்டே இருக்கும், போன மணலுக்குப் பதிலா வந்த மணல் நிக்கும், அப்படித்தான் கரைன்னு ஒண்ணு இருந்துச்சு. அங்க வழியை மறிச்சதும் வர்ற மணல் அங்கயே நின்னுடுச்சு, போற மணல் மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு. ஏழெட்டு வருஷத்துல கடல் எங்க வாசலுக்கு வந்து முன் வரிசையில பதினோரு வீட்டைத் தின்னுட்டு, அதுக்கப்புறம் அரசாங்கம் பாவம் பாத்து லாரி லாரியா கருங்கல்லைக் கொட்டிட்டுப் போச்சு. கடல் அந்தப் பக்கம், நாங்க இந்தப் பக்கம், நடுவுல கல்லு. கல்லு மேல படகு ஏறாது.

அதனால ஆம்பளைங்க எல்லாரும் படகை ஓட்டிக்கிட்டு அதே துறைமுகத்துக்குப் போய்ட்டாங்க, கழுத்தை நெரிச்சவன் வீட்லயே வாடகைக்குக் குடிபோன மாதிரி. விடியக் கருக்கல்ல தொழிலுக்குப் போகணும், அந்நேரத்துக்கு பஸ் ஏது, அங்கயே ஷெட்டுல படுத்துக்குவாங்க. பத்து நாளைக்கு ஒருதரம் வீட்டுக்கு வருவாங்க, விருந்தாளி மாதிரி சாப்பிடுவாங்க, விருந்தாளி மாதிரி போய்டுவாங்க. தேசிங்கும் அப்படித்தான். அஞ்சலாட்சிக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், அவ கல்யாணப் பந்தல் அந்த மணல்லதான் போட்டாங்க, பந்தக்கால் நட்ட எடத்துல இப்ப சுறா போகும்.

சித்திரை மாசம் தேசிங்கு வந்தப்ப ஒரு சேதி சொன்னான். பஹ்ரைன்ல மீன் புடிக்க ஆள் எடுக்கறாங்களாம், ரெண்டு வருஷ விசாவாம், ஆவணி பொறந்ததும் போகணுமாம், படகை வித்துடப் போறானாம். "துறைமுகத்துல கெடக்கறதும் ஒண்ணுதான், பஹ்ரைன்ல கெடக்கறதும் ஒண்ணுதான் அக்கா. வீட்ல இல்லாதவன் எங்க இருந்தா என்ன?" அப்படின்னு என்னைப் பாத்துச் சொன்னான். சொன்னது எனக்கில்ல, அவளுக்கு. அவ கொழம்புக் கரண்டியைக் கீழ வைக்காமலே நின்னுக்கிட்டு இருந்தா.

அவன் போனப்புறம், "அண்ணி, நம்ம ஊர்லயே படகு ஏத்த எடம் இருந்தா இவரு போவாரா?"ன்னு கேட்டா.

"இருந்தா ஏண்டி போறான்? எடத்துக்கு எங்க போவ, உங்க அப்பன் சீதனமா தந்தானா?"ன்னேன். என் வாய் அப்படி, பொறந்ததுலருந்தே.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. வீட்டைக் கழுவி விட்டுட்டு அவன் தலை வெச்சுப் படுக்கற தலகாணியை எடுத்து உறையைக் கழட்டியிருக்கா, உறை மூலையில ஒரு கைப்பிடி மணல். கல்யாணமான புதுசுல, கரை கடைசி மூச்சை விட்டுக்கிட்டு இருந்தப்ப, அவன் தலையில ஒட்டிக்கிட்டு வந்த மணல் அது, அத்தனை வருஷம் தொவைச்சும் தையலுக்குள்ள ஒளிஞ்சு கெடந்திருக்கு. வேற பொம்பளையா இருந்தா தெருவுல கொட்டியிருப்பா. இவ அதை எடுத்துக்கிட்டுக் கல்லு மேல ஏறிப் போயி, "இந்தா, உன்னுது, நீயே வெச்சுக்கோ"ன்னு கடலைப் பாத்துச் சொல்லிட்டு உதறினா. மணல் தண்ணியில விழுந்துச்சு, அலை வந்துச்சு, அலை போச்சு, மணல் மட்டும் போகல, கல்லுக்கு அடியில ஒரு முறம் அகலத்துக்கு அப்படியே ஒக்காந்துக்கிச்சு. ஒரு கைப்பிடி எப்படி ஒரு முறம் ஆச்சுன்னு என்னைக் கேக்காதீங்க, நாழி அரிசி எப்படிப் பானைச் சோறாச்சுன்னு யாரும் கேக்கறதில்ல.

வந்து என்கிட்ட சொன்னா. "அண்ணி, கரை வந்திருக்கு."

நான் மீன் கழுவிக்கிட்டு இருந்தேன். "எவ்வளவு வந்திருக்கு?"

"முறம் அளவு."

"சரி, உன் வீட்டுக்காரன் படகை அதுல போட்டுப் பொடைச்சு எடு"ன்னேன்.

அவ சிரிக்கல. மறுநாள் பழைய பாயைக் கொண்டு போயி உதறினா, அதுக்கடுத்த நாள் அவன் கல்யாண வேட்டியை, அதுக்கடுத்த நாள் பரண்ல கெடந்த ஓட்டை வலையை. ஒரு வாரத்துல முறம் போயி பாயளவு ஆச்சு. அப்பத்தான் ஊரு எட்டிப் பாத்துச்சு.

அதிசயத்தைப் பாத்தா ஊரு வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்னு நீங்க நெனைப்பீங்க. எங்க ஊர்ல மொத நாள் பாத்தாங்க, ரெண்டாம் நாள் ஒக்காந்தாங்க, மூணாம் நாள் எடத்துக்குச் சண்டை போட்டாங்க. பாயளவு மணல்ல நாலு பொம்பளைங்க கால் நீட்டி ஒக்காரலாம், அஞ்சாவது ஆளு நின்னுக்கிட்டே பொறணி பேசணும். எங்கருந்தோ ஒரு நண்டு வந்து வளை தோண்டுச்சு, அதுக்கு வேற எடம் விடணும். கடைசியில நாட்டார் பாவாடைசாமி, நாட்டார்னா எங்க ஊருக்குத் தலைவர், அவர் வார்த்தைதான் எங்களுக்குச் சட்டம், அவரு பஞ்சாயத்தைக் கூட்டி முறை வெச்சாரு. தெருவுக்கு ஒரு நாள், செருப்போட ஏறக் கூடாது, எழுந்திருக்கும்போது பின்னாடி நல்லாத் தட்டிட்டுத்தான் எழுந்திருக்கணும், ஒரு பொட்டு மணல் கரையை விட்டு வெளிய போகக் கூடாது. அன்னிலருந்து சாயங்காலம் ஆச்சுன்னா பொம்பளைங்க பின்னாடி தட்டிக்கிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேக்கும். பொண்ணு பாக்க வந்த வெளியூர்க்காரங்க, "என்னங்க, உங்க ஊர்ல யாருக்குக் கைதட்டறாங்க?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க.

வைகாசியில தேசிங்கு வந்தான். கல்லு மேல நின்னு கொஞ்ச நேரம் பாத்தான். "பரவால்லயே, படுத்துக்கலாம்"னு கிண்டல் பண்ணிட்டு, செருப்பைக் கழட்டி வெச்சுட்டு, எறங்கிப் போயி நெசமாவே படுத்துட்டான். படுத்தவன் எழுந்திருக்கல. கையை ரெண்டு பக்கமும் நீட்டி மணலைப் புடிச்சுப் புடிச்சு விட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுக் கெடந்தான். முப்பத்தாறு வயசு ஆம்பளை, என் கையில வளந்தவன், நான் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

அஞ்சலாட்சி கல்லு மேலருந்தே கேட்டா. "ஒரு படகு ஏற எத்தனை முழம் வேணும்?"

"அகலம் ஏழு முழமாவது வேணும்."

"ஆடி முடியறதுக்குள்ள ஏழு முழம் வந்துட்டா?"

"வந்துட்டா போகல."

"சத்தியமா?"

கண்ணைத் தொறக்காமலே, "கடலம்மா மேல சத்தியமா போகல"ன்னான். நாட்டாரும் கேட்டாரு, நானும் கேட்டேன், நண்டும் கேட்டிருக்கும்.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா, ஒவ்வொரு வீட்லயும் ஒரு ஆம்பளை துறைமுகத்துல கெடக்கறான். ஒரு படகு ஏறினா அடுத்த படகும் ஏறும்னு எல்லாருக்கும் ஆசை வந்துடுச்சு. நாட்டார் ரெண்டு டிப்பர் மணலைக் கொண்டாந்து கொட்டினாரு, கடல் அதை ஒரே வாய்ல முழுங்கிட்டு ஏப்பம் விட்டுச்சு, பாயளவு மணல் மட்டும் பக்கத்துல பத்திரமா இருந்துச்சு. சரி, உடம்புல ஒட்டி வர்ற மணல்தான் நிக்கும்போலன்னு எங்க ஆளுங்களே ஒரு கணக்குப் போட்டு, ஊர்ல மிச்சமிருந்த பசங்களும் கெழவனுங்களுமா முப்பது பேரு உடம்பெல்லாம் நல்லெண்ணெயைத் தடவிக்கிட்டு, துறைமுகத்துக்குத் தெக்கால எங்க மணல் பூரா தேங்கி நிக்கற எடத்துக்கு டவுன் பஸ்ல போயி, மசாலாவுல பொரட்டின மீன் மாதிரி உருண்டாங்க. திரும்பி வர கண்டக்டர் ஏத்த மாட்டேன்னுட்டான். பத்து மைல் வெயில்ல நடந்து வந்து உதறினா, எண்ணெய்ல புடிச்ச மணல் உதிரவே இல்ல, தேங்கா நாரை வெச்சுத் தேச்சு எடுத்துக் கடல்ல போட்டாங்க. கடல் அதையும் கொண்டு போச்சு. எண்ணெய் மட்டும் ரெண்டு நாள் மெதந்துக்கிட்டு இருந்துச்சு. முப்பது பேருக்கும் தோல் உரிஞ்சு, ஒரு வாரம் யாரும் சட்டை போடல.

அப்பத்தான் எங்களுக்குப் புரிஞ்சுது. வேணும்னு எடுத்துட்டு வர்ற மணலைக் கடல் கொண்டு போய்டுது, அந்தக் கரையில வாழ்ந்து திரிஞ்சப்ப நமக்கே தெரியாம ஒட்டிக்கிட்டு வந்துச்சே, அது மட்டும்தான் நிக்குது. புதுசா அப்படி ஒட்ட இப்ப பாயளவுதான் கரை, அதுலயும் தட்டிட்டுத்தான் எழுந்திருக்கறோம். அதனால வீட்ல இருக்கற பழைய மணல்தான் கணக்கு, அது தீந்தா தீந்துச்சு.

ஊரே வீட்டைக் கவுத்துப் போட்டுத் தேடுச்சு. தொட்டில் துணி மடிப்புல இருந்துச்சு, பள்ளிக்கூடப் பையோட அடித் தையல்ல இருந்துச்சு, ரேடியோப் பெட்டிக்குள்ள, கதவு இடுக்குல, கல்யாணப் புடவைக் கரையில, எண்ணெய்க் கிண்ணத்து அடியில இருந்துச்சு. கெழவர் சன்னாசி காதைக் குடைஞ்சுவிட்ட நாவிதர் நாலு மணலை எடுத்து உள்ளங்கையில வெச்சுக் காட்டினாரு, அதைப் போட்டதும் கரை ஒரு விரக்கடை நகந்துச்சு, அதுலருந்து சன்னாசி தெருவுல போனா ஆளுங்க எழுந்து நின்னாங்க. ஒரு காலத்துல இந்த மணலை நாங்க எவ்வளவு திட்டியிருக்கோம், சோத்துல மணலு, பாயில மணலு, புள்ளை வாயில மணலுன்னு காலையிலயும் சாயங்காலமும் பெருக்கிப் பெருக்கித் தள்ளினோமே, அப்பக் கொஞ்சம் சோம்பேறியா இருந்திருக்கக் கூடாதான்னு ஒவ்வொருத்தியும் நெஞ்சுல அடிச்சுக்கிட்டா. ஊர்லயே பெரிய சோம்பேறின்னு பேர் எடுத்த மங்கவரத்தா வீட்லருந்து மட்டும் முக்கால் முழம் கரை வந்துச்சு.

அப்புறம் சேதி வெளியூருக்குப் போச்சு. கட்டிக்கொடுத்த பொண்ணுங்க, கொச்சியில வேலை பாக்கற பசங்க, துபாய்ல இருக்கறவன், மெட்ராஸ்ல வாட்ச்மேன் வேலைக்குப் போனவன்னு ஒவ்வொருத்தரும் பெட்டி மூலையைச் சுரண்டி மணலைக் காகிதத்துல மடிச்சு அனுப்ப ஆரம்பிச்சாங்க. கூரியர்க்காரர் சைக்கிளை நிறுத்தினா ஊரே கூடிடும். ஒரு பொண்ணு எழுதியிருந்தா: "இது நான் மாமியார் வீட்டுக்குக் கொண்டு வந்த கொலுசுச் சுருக்குப் பையில இருந்துச்சு, பாதிதான் அனுப்பறேன், கோவிச்சுக்காதீங்க, பாதியை எனக்கு வெச்சுக்கிட்டேன்." அதைப் படிச்சுட்டு யாரும் கோவிச்சுக்கல. அஞ்சலாட்சிதான் ஒவ்வொரு பொட்டலத்தையும் கல்லு மேல நின்னு பிரிச்சு, அனுப்பினவங்க பேரைச் சத்தமாச் சொல்லி உதறுவா. ஆனி கடைசியில நாலு முழம். ஆடி பாதியில அஞ்சரை.

இதுக்கு நடுவுல மேலருந்து ஒரு அதிகாரி வந்தாரு, டேப்பை வெச்சு அளந்தாரு, போட்டோ புடிச்சாரு, போறப்ப ரொம்ப சந்தோஷமா, "பாத்தீங்களா, மக்களே மனசு வெச்சா கரையை உண்டாக்கலாம், எல்லாத்துக்கும் அரசாங்கத்தை எதிர்பாக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு ஜீப்புல ஏறிட்டாரு. துறைமுகக் கல்லைப் பத்தி நாங்க எட்டு வருஷமா கொடுத்துக்கிட்டு இருந்த மனுவை அந்த மாசம் யாரும் கையில வாங்கவே இல்ல.

நாட்டாருக்கு வந்துச்சு பாருங்க கோவம். நேரா அஞ்சலாட்சி வீட்டு வாசலுக்கு வந்துட்டாரு. "உன்னாலதாம்மா எல்லாம் கெட்டுப் போச்சு! ஒரு கையெழுத்துல ஊர்க் கரையைக் கொண்டு போனான் ஒருத்தன். நீ காலம் பூரா கோவணத்தை உதறி அதைத் திரும்பக் கொண்டாந்துடுவியா? கல்லைப் போட்டவன் எடுக்கணும், அதுதான் நியாயம். நீ உதற உதற அவனுக்குக் கொண்டாட்டம்!"

அவர் சொன்னது நெசம்தான், நானே தலையை ஆட்டினேன்.

அஞ்சலாட்சி முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டு எழுந்து நின்னா. "நீங்க சொல்றது நியாயம் மாமா. அவன் எடுக்கட்டும், எடுக்கற வரைக்கும் விடாதீங்க, மறியல்னா மொத ஆளா நான் வந்து ரோட்ல ஒக்கார்றேன். ஆனா அவன் எப்ப எடுப்பான், எம்புள்ள காலத்துலயா, பேரன் காலத்துலயா? எனக்கு ஆடி வரைக்கும்தான் மாமா நேரம் இருக்கு. எனக்கு என் புருஷன் வீட்ல இருக்கணும்."

புருஷன் வேணும்னு எங்க ஊர்ல ஒருத்தி வாய் விட்டுச் சொல்லி நான் கேட்டதில்ல. நாட்டார் தோள்ல கெடந்த துண்டை உதறிப் போட்டுக்கிட்டுக் கெளம்பிட்டாரு. அதுலருந்து அவரு திங்கக்கெழமையானா மனுவைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போவாரு, மத்த நாள்ல பழைய வேட்டி துண்டையெல்லாம் தேடி எடுத்துக்கிட்டுக் கல்லு மேல ஏறுவாரு.

ஆடி மூணாம் வாரம் ஆறு முழத்துல நின்னுடுச்சு. நாட்டார் கையால அளந்தாரு, சன்னாசி கையால அளந்தாரு, ஆறுதான். வீடுங்க எல்லாம் தொடைச்சு வெச்ச பாத்திரம் மாதிரி ஆயிடுச்சு, கூரியர் வர்றது நின்னுடுச்சு. ஊர்ல யார் வீட்லயும் இனி ஒரு பொட்டு மணல் இல்லன்னு பஞ்சாயத்துல சொன்னாங்க. சொல்லிட்டு எல்லாரும் என் மூஞ்சியைப் பாக்காம வேற எங்கயோ பாத்தாங்க.

ஏன்னா என்கிட்ட இருந்துச்சு. ஊருக்கே தெரியும்.

என் புருஷன் கலியபெருமாள் கடலுக்குப் போயி பதினாலு வருஷம் ஆச்சு. காத்துல படகு கவுந்து, மத்த மூணு பேரும் நீஞ்சி வந்துட்டாங்க, இவரு மூணாம் நாள் வந்தாரு. எங்கெங்கயோ போயி ஒதுங்காம நம்ம ஊர்க் கரையில, நம்ம வீட்டுக்கு நேரா வந்து படுத்திருந்தாரு, மனுஷனுக்குக் கடைசி வரைக்கும் வீட்டுக்கு வழி தெரிஞ்சிருக்கு. குளுப்பாட்டறப்ப கழட்டின நீலச் சட்டையை நான் யாருக்கும் தரல, தொவைக்கவும் இல்ல, அப்படியே மடிச்சுத் தகரப் பொட்டியில வெச்சேன். அந்தச் சட்டைப் பையில ரெண்டு விரலை விட்டா மணல் நெருடும். அவரை மாதிரி பேசவும் பேசாது, கை நீட்டி அணைக்கவும் அணைக்காது, ஆனா நெருடும். பதினாலு வருஷமா எனக்கு மிச்சமிருந்த புருஷன் அவ்வளவுதான். ஆனியில ஒருத்தி ஜாடையா கேட்டா, "ஒருதரம் கடல் கொண்டு போனது பத்தாதா, இன்னொரு தரம் நானே கொண்டு போயி கொட்டணுமாடி?"ன்னு கத்தின கத்துல அவ வீட்டுக் கோழி முட்டை போடறதை நிறுத்திடுச்சு.

அஞ்சலாட்சி மட்டும் கேக்கல. அவளுக்கு அந்தப் பொட்டி இருக்கற எடம் தெரியும், சாவி இருக்கற எடமும் தெரியும். கேட்டிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், சண்டை போட்டுட்டு நிம்மதியா தராம இருந்திருப்பேன். பாவி கேக்கவே இல்ல.

ஆடி கடைசி ஞாயித்துக்கிழமை தேசிங்கு வந்தான். கல்லு மேல நின்னு, எறங்கி, தன் கையால முழம் போட்டுப் பாத்தான். ஆறு. திரும்பவும் இந்தக் கோடியிலருந்து போட்டான். ஆறுதான். "நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க எல்லாரும்"ன்னான். அப்புறம் வீட்டுக்குள்ள வந்து, "படகு வாங்கறவரு புதன்கிழமை காலையில துறைமுகத்துக்கு வர்றாரு"ன்னு சொவத்தைப் பாத்துச் சொல்லிட்டுக் கடைசி பஸ்ஸைப் புடிச்சுப் போய்ட்டான். செவ்வாக்கிழமை காலையில அவ பஹ்ரைனுக்குப் பை கட்டினா. நெத்திலிக் கருவாட்டைத் தாள்ல சுத்தி, தாளை பிளாஸ்டிக் பையில சுத்தி, அந்தப் பையை அவன் சட்டைங்களுக்கு நடுவுல வெச்சா, எடுத்தா, மறுபடியும் வெச்சா. அழல. நான் கதவோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு வருஷம் கழிச்சு அவன் வந்தாலும் வருவான், வராமலும் போவான். ஒருத்தன் வர்றானான்னு கடலைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு அந்த வீட்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

மத்தியானம் ஊர் சாப்பிட்டுப் படுத்த நேரம் பொட்டியைத் தொறந்தேன்.

கல்லு ஏறினேன், கரையில எறங்கினேன், சட்டையைப் பிரிச்சேன், உதற கை வரல. அங்கயே ஒக்காந்துட்டேன். "என்னய்யா சொல்ற?"ன்னு கேட்டேன். உசுரோட இருந்தப்பவே நான் கேட்டதுக்கு ஒடனே பதில் சொல்ற ஆள் கெடையாது. "உன் மச்சான் போறேங்கறான். அவ பை கட்டறா. நீ இருந்தா என்ன பண்ணுவ?" அலை வந்து காலை நனைச்சுட்டுப் போச்சு. இருந்திருந்தா சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு வெறும் உடம்போட வீட்டுக்கு வந்திருப்பாரு, வர்ற வழியில யாருக்கு எதைக் குடுத்தோம்னும் மறந்திருப்பாரு, அதுக்காக நான் எத்தனை தரம் அவரோட மல்லுக்கட்டியிருக்கேன். பையை வெளிய இழுத்துவிட்டேன். கழுத்துப் பட்டியைப் பிரிச்சேன். "போய்ட்டு வா"ன்னு சொல்லி உதறினேன். மூணு தரம் உதறினேன். ரெண்டு சிட்டிகை இருக்கும், அதுக்கு மேல இல்ல.

போயி அஞ்சலாட்சியை எழுப்பினேன். "முழம் போட்டுப் பாரு."

அவ என் கையைப் பாத்தா, கையில தொங்கற சட்டையைப் பாத்தா. "அண்ணி..."ன்னா. கல்லு மேல ஏறி ஓடினா. நாட்டார் வந்து அளந்தாரு, சன்னாசி வந்து அளந்தாரு. ஏழு முழமும் ரெண்டு விரக்கடையும் இருந்துச்சு. நாட்டார் அப்பவே தேசிங்குக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாரு. அஞ்சலாட்சி திரும்பி வந்து, "அந்தச் சட்டையைத் தாங்க, நான் தொவைச்சுத் தர்றேன்"னு கையை நீட்டினா. "வேணாம், அது நான் தொவைக்க வேண்டியது"ன்னு சொல்லிட்டேன். சோப்புப் போட்டுத் தொவைச்சுக் கொடியில போட்டேன். காத்துல அது சும்மா ஆடுச்சு.

புதன்கிழமை காலையில பத்து மணிக்கு தேசிங்கு படகு தெக்கருந்து வர்றதை மொதல்ல பாத்தது மங்கவரத்தாதான், படுத்துக்கிட்டே பாத்தா. வாங்க வந்தவரு துறைமுகத்துல வெறும் தண்ணியைப் பாத்துட்டுப் போனாராம். படகு ரெண்டு அலைக்கு வெளிய நின்னு, மூணாவது அலையைத் தோள்ல ஏத்திக்கிட்டு, ஏழு முழத்துக்குள்ள மூக்கை வெச்சு, சரக்குன்னு மணல்ல ஏறுச்சு. அந்தச் சரக்குங்கற சத்தத்தைக் கேட்டு எங்க ஊருக்கு ஏழு வருஷம் ஆச்சு. கல்லு மேல நின்ன அத்தனை பேரும் அழுதாங்க, வெக்கமில்லாம, மூக்கைச் சிந்திக்கிட்டு. அப்புறம் ஊரே எறங்கி ஏலேலோ போட்டுப் படகைக் கல்லோரம் வரைக்கும் இழுத்துச்சு. அவன் எறங்கி வந்து அவகிட்ட, "பசிக்குது"ன்னான். ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய்ட்டாங்க.

அவ்வளவுதான் வந்துச்சு. இன்னிக்கும் ஏழு முழம்தான். நாப்பத்திமூணு படகுல ஒரு படகு ஏறுது, அதுல நாலு பேரு போறாங்க, நாலு வீட்ல சாயங்காலம் ஆம்பளை இருக்கான், மத்த வீட்ல இல்ல. நாட்டார் திங்கக்கெழமை திங்கக்கெழமை மனுவோட போய்க்கிட்டுத்தான் இருக்காரு, போன மாசம் மறியல்ல அஞ்சலாட்சியும் நானும் ரோட்ல ஒக்காந்தோம், போலீஸ் வேன்ல ஏத்திக்கிட்டுப் போயி சாயங்காலம் விட்டாங்க. உதறி உதறி என்னத்தைக் கிழிச்சீங்கன்னு கேட்டா நான் இந்த ஏழு முழத்தைக் கையால காட்டுவேன், இதுக்கு மேல பெருசாவும் சொல்ல மாட்டேன், சின்னதாவும் சொல்ல மாட்டேன்.

தினம் காலையில மீன் எடுக்க நானும் எறங்கறேன். எல்லாரும் தபதபன்னு நடக்கறாங்க, படகு ஏறுது, கூடை உருளுது, புள்ளைங்க குதிக்குது. என்னால முடியல. அதுல என் புருஷன் மேல இருந்த மணலு எதுன்னு எனக்குத் தெரியாது, அதனால எல்லா எடத்துலயும் பாத்துப் பாத்துத்தான் காலை வைக்கறேன்.